பென்ஷன் மட்டும்தான் வருமானம்: சும்மா இருக்கலாமா, வங்கியிடம் விடலாமா, ரிட்டர்ன் போடலாமா?

ஜூன் பிறந்தால் போதும், காலை நடை முடித்து டீக்கடை பெஞ்சில் உட்காரும் எங்கள் பென்ஷனர் கூட்டத்தில் ஒரே பேச்சு. “பன்னிரண்டே முக்கால் லட்சம் வரை வரி இல்லை என்று சொல்லிவிட்டார்களே, அப்புறம் எதற்கு சார் ரிட்டர்ன்?” என்று கேட்கிறவர் முப்பது ஆண்டு கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவராகவும் இருப்பார். வரி கட்டுவது வேறு, கணக்குக் காட்டுவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் அபராதம் கட்டுகிறோம்.

2025-26 நிதியாண்டுக்கு எங்களைப் போன்றவர்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. வட்டியில் வரி பிடிக்கவேண்டாம் என்று வங்கியிடம் 15எச் படிவத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது முதல் வழி. 75 வயதானவர்கள் வருமான வரிச் சட்டத்தின் 194பி (194P) பிரிவின்படி எல்லாவற்றையும் வங்கியின் தலையில் கட்டிவிடுவது இரண்டாவது. மூன்றாவது, எளிய ரிட்டர்ன் படிவமான ஐடிஆர்-1 தாக்கல் செய்வது.

சும்மா இருப்பவர்களை முதலில் பார்ப்போம். புதிய வரிமுறையில் அடிப்படை விலக்கு 4 லட்சம்; இதில் வயதுச் சலுகை கிடையாது. பென்ஷன் சம்பளமாகவே கருதப்படுவதால் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 75,000 கிடைக்கும். ஆக, வேறு வருமானமே இல்லாமல் ஆண்டு பென்ஷன் 4,75,000 ரூபாய்க்குள் இருந்தால் பொதுவாக ரிட்டர்ன் கட்டாயமில்லை. அதைத் தாண்டினால் வரி பூஜ்யமாக இருந்தாலும் தாக்கல் செய்தே ஆகவேண்டும். 12 லட்சம் வரை (நிலைக்கழிவையும் சேர்த்தால் பன்னிரண்டே முக்கால் லட்சம்) வரியில்லை என்பது 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வருவது. வரியைக் கணக்கிட்டு, பிறகு கழிக்கிறார்கள். விலக்கு வரம்பு அங்கே நகரவில்லை.

மாதம் 55,000 பென்ஷன் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6,60,000. நிலைக்கழிவு போக 5,85,000. வைப்புத்தொகை வட்டி 1,20,000 சேர்த்தால் 7,05,000. வரி 15,250 வரும். தள்ளுபடியில் அது பூஜ்யமாகிவிடும். ஆனால் இவர் ஜூலை 31-ஐத் தவறவிட்டு டிசம்பருக்குள் தாக்கல் செய்தால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அதுவே 1,000. வரியே இல்லாதவரிடம் ஐயாயிரமா என்று கோபப்படலாம், சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

15எச் இந்தக் கடமையிலிருந்து விடுவிக்காது. வட்டியில் பிடித்தம் செய்யாதே என்று வங்கியிடம் சொல்லும் சீட்டு அது, அவ்வளவுதான். மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். மேலே சொன்னவர் ஒரே வங்கியில் பணத்தை வைத்துவிட்டு 15எச் கொடுக்க மறந்திருந்தால் 12,000 போயிருக்கும். அதைத் திரும்பப் பெற ரிட்டர்னைத் தவிர வேறு வாசல் இல்லை. ஒரு வருடம் எனக்கும் அப்படிப் பிடித்தார்கள். ஏப்ரலில் கையில் கொடுத்த படிவம் கிளையில் எந்தக் கோப்புக்குள் போனதோ! ரிட்டர்ன் போட்டதால் பணம் திரும்பி வந்தது.

குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாக்கள் விஷயத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. அது சம்பளக் கணக்கில் வராது, ‘இதர வருமானம்’ ஆகிவிடும். 75,000 கழிவு இல்லை. மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இரண்டில் எது குறைவோ அதுதான். அவர்களுக்கு எல்லைக்கோடு 4,25,000.

அடுத்து 194பி. 2021 பட்ஜெட்டில், சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டில் 75 வயதானவர்களின் சுமையைக் குறைக்கிறோம் என்று நிர்மலா சீதாராமன் அறிவித்த ஏற்பாடு. பென்ஷன் வரும் வங்கியில் 12பிபிஏ படிவம் கொடுத்தால், வங்கியே கழிவுகளையும் தள்ளுபடியையும் பார்த்து, வரி இருந்தால் பிடித்துக் கட்டிவிடும். ரிட்டர்ன் வேண்டாம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. நிபந்தனையைப் படியுங்கள்: பென்ஷனும், அதே வங்கியில் வரும் வட்டியும் தவிர வேறு ஒரு பைசா வருமானம் இருக்கக்கூடாது. நம் ஊரில் எந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் எல்லாப் பணத்தையும் ஒரே வங்கியில் வைத்திருக்கிறார்? தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 8.2 சதவீதம் தருகிறது; 30 லட்சம் போட்டவருக்குக் காலாண்டுக்கு 61,500 வட்டி. அந்த வட்டி ஒன்றே போதும், 194பி கைநழுவிவிடும். மாடிப் போர்ஷன் வாடகை வந்தாலும் அதே கதைதான். போதாக்குறைக்கு, எல்லா வங்கியும் இதற்குத் தகுதி பெற்றதல்ல. படிவத்தையும் வருடாவருடம் கொடுக்கவேண்டும். எங்கள் கூட்டத்தில் 75 கடந்தவர்கள் ஒன்பது பேர். தேறியவர் ஒருவர்.

ஆகவே என் ஓட்டு ஐடிஆர்-1க்குத்தான், வரம்புக்குக் கீழே இருப்பவர்களுக்கும்கூட. பென்ஷனும் வட்டியும் பெரும்பாலும் வருமான வரித் துறையின் இணையதளத்தில் முன்பே நிரப்பப்பட்டு நிற்கின்றன. படிவம் 16, பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு ஒத்துப் பார்ப்பதுதான் வேலை. தபால் நிலைய வட்டியை மட்டும் நானே கூட்டி எழுதுகிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் விசாவுக்கு மூன்று வருட ரிட்டர்ன் கேட்கிற இடங்கள் உண்டு. அன்றைக்கு ஓடிப் பயனில்லை. ஆண்டில் வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் நீங்களே செலவு செய்திருந்தால், வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் தாக்கல் கட்டாயம். மின்கட்டணம் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினாலும் அப்படியே.

பழைய முறையா, புதிய முறையா என்ற கேள்விக்கு அதிக நேரம் தேவையில்லை. அதே 55,000 பென்ஷனரைப் பழைய முறையில் வைத்துப் பாருங்கள்: நிலைக்கழிவு 50,000, வட்டிக்கு 80டிடிபியில் 50,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 30,000 கழித்தாலும் 6,50,000 நிற்கிறது. வரி, செஸ்ஸோடு 41,600. புதியதில் பூஜ்யம். பழையதே வேண்டும் என்பவர் கெடுவுக்குள் தாக்கல் செய்யவேண்டும். தாமதமானால் அந்தத் தேர்வும் போய்விடும்.

ஆடிட்டரிடம் போவதா என்று கேட்டால், வீடு விற்றவர்கள் போகட்டும். பென்ஷனும் வட்டியும் மட்டும் உள்ளவருக்கு அந்தச் செலவு வீண். உண்மையான முட்டுக்கட்டை, ரிட்டர்னைச் சரிபார்க்கச் செல்பேசிக்கு வரும் ஓடிபிதான். ஆதாரில் பதிந்த எண் பெங்களூரில் இருக்கும் மகனுடையது. அவன் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பான். இங்கே அப்பா திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தாக்கல் செய்த 30 நாளுக்குள் சரிபார்ப்பு முடியாவிட்டால் அன்றைய தாக்கல் தேதி நிற்காது. ஜூலைக்கு முன்பே இ-சேவை மையத்துக்குப் போய் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். 80 வயது கடந்தவர்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. ஐடிஆர்-1ஐக் காகிதத்திலேயே நிரப்பிக் கொடுக்கலாம். எங்கள் பெஞ்சில் இருக்கும் 83 வயது தலைமையாசிரியர் இன்னமும் நீல மைப் பேனாவால்தான் நிரப்புகிறார்.