கொழும்பா, விழிஞ்ஞமா, தூத்துக்குடியா: தாய்க்கப்பலுக்கு ஏற்ற துறை எது?

கண்டம் விட்டுக் கண்டம் போகும் பெரிய கன்டெய்னர் கப்பலைத்தான் தாய்க்கப்பல் என்கிறோம். 2025 ஜூனில் கேரளத்தின் விழிஞ்ஞத்துக்கு வந்த எம்எஸ்சி ஐரினா என்ற தாய்க்கப்பலின் கொள்ளளவு 24,346 டிஇயு. இருபது அடி கன்டெய்னர் கணக்கில் அத்தனை பெட்டிகளுக்கு அதில் இடம் உண்டு. ஆனால் துறைமுகத்துக்கு அதைவிட முக்கியம், கப்பல் நீருக்குள் எவ்வளவு அமிழும் என்பதுதான். இந்த ரகம் முழுச் சுமையோடு வந்தால் 16 மீட்டருக்கு மேல் இறங்கும்.

அந்தக் கணக்கில் தூத்துக்குடி முதலிலேயே பின்தங்கிவிடுகிறது. 2024 செப்டம்பரில் திறந்த புதிய முனையத்திலும் ஆழம் 14 மீட்டரை ஒட்டித்தான். இரு பக்கமும் ஏறத்தாழ 4 கி.மீ. நீளத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் எழுப்பி உருவாக்கிய செயற்கைத் துறைமுகம் அது. இன்னும் ஆழம் வேண்டுமென்றால் தோண்டித்தான் ஆக வேண்டும்.

விழிஞ்ஞத்துக்கு அந்தக் கவலை இல்லை. 18 முதல் 20 மீட்டர் வரை இயற்கை ஆழம். மணல் வந்து அடைவதும் குறைவு. சர்வதேசக் கப்பல் பாதையோ சுமார் 10 கடல் மைல் தொலைவில்தான். கொழும்பும் சளைத்ததல்ல: 2013இல் திறந்த தெற்கு முனையத்தில் 18 மீட்டர், 2025இல் இயங்கத் தொடங்கிய மேற்கு முனையத்தில் 20 மீட்டர்.

ஆழத்தில் இரண்டும் சமம் என்றால், திருப்பூர் பனியன் பெட்டி எங்கே போக வேண்டும்? இன்றைக்கு என் பதில் கொழும்புதான். தூத்துக்குடியில் ஃபீடர் கப்பலில், அதாவது தாய்க்கப்பலுக்குப் பெட்டிகளைக் கொண்டு சேர்க்கும் சிறிய கப்பலில், ஏற்றினால் கொழும்புக்குச் சுமார் 150 கடல் மைல். கொழும்பில் பல நிறுவனங்களின் தாய்க்கப்பல்கள் வந்து போகின்றன. ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்தது கிடைக்கும். விழிஞ்ஞத்தில் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கப்பல்கள். துறைமுகத்திலிருந்து பாலராமபுரம் ரயில் நிலையம் வரையிலான 10.7 கி.மீ. ரயில் பாதையும், பெரும்பகுதி சுரங்கமாக, இனிமேல்தான் வர வேண்டும்.

கொழும்பையே நம்பியிருப்பதிலும் வலி உண்டு. 2024இல் செங்கடலைத் தவிர்த்துக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றியபோது கொழும்பில் நெரிசல் ஏறியது. நம் பெட்டிகளும் காத்துக் கிடந்தன.

ஆகவே தூத்துக்குடிக்கு 24,000 டிஇயு கப்பல் வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். 8,000 டிஇயு அளவிலான கப்பல், சுமையைச் சற்றுக் குறைத்துக்கொண்டால், 14 மீட்டரிலேயே வந்து போகலாம். அப்படி ஒன்று வாரந்தோறும் ஐரோப்பாவுக்கு நேராகப் புறப்பட்டால், பனியன் பெட்டி கொழும்பில் இறங்கி ஏற வேண்டியதே இல்லை.