வாரம் ஒரு மணி நேரம்: ஒரு சேவைச் சங்கத்தில் எட்டு மாதம்

மூக்குக் கண்ணாடி செய்து கொடுப்பது என் தொழில். கண் முகாமுக்கு ஆள் குறைகிறது என்று நண்பர் கூப்பிட்டார். விருந்தினராகப் போனவன் உறுப்பினராகவே சேர்ந்துவிட்டேன். சேரலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சங்கத்தின் பெயர் வேண்டாம்.

கூட்டம் ஒரு மணி நேரம். தலைவர் மணியடிப்பார், விருந்தினர் அறிமுகம், அறிவிப்புகள், பேச்சாளர், மறுபடி மணி. நடுவில் அபராதம் உண்டு: தாமதமாக வந்தவரும் கைபேசி அலறவிட்டவரும் உண்டியலில் போட வேண்டும். சந்தோஷச் செய்தி சொல்ல நினைப்பவரும் காசு போட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கலாம். ஒருவர், நாலாவது முயற்சியில் ஓட்டுநர் உரிமம் வாங்கிய மகளுக்காகப் போட்டார். அன்றைக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

பேச்சாளர் விஷயத்தில் அதிர்ஷ்டம் வேண்டும். இருபது நிமிடம் என்று அழைத்தால் நாற்பது பேசுகிறார்கள். தலைவரோ மணியைத் தொடவே கூச்சப்படுகிறார். எட்டு மாதத்தில் எனக்கு நினைவிருக்கும் பேச்சு மூன்றுதான்.

வாராவாரம் எதற்கு, மாதம் ஒரு தடவை போதாதா என்று நானும் முதலில் முனகியவன்தான். இந்த மாதிரிச் சங்கங்களுக்கு முன்னோடி ரோட்டரி. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரும், நிலக்கரி வியாபாரி, சுரங்கப் பொறியாளர், தையல்காரர் ஆகிய மூவரும் கூடினார்கள். ஒவ்வொருவர் அலுவலகமாகச் சுழன்று கூடியதால் அந்தப் பெயர். சேவை பிறகுதான் வந்தது, அதுவும் எது? நகரத்தில் பொதுக் கழிப்பறை வேண்டும் என்ற கோரிக்கை! 2016 முதல் மாதம் இரண்டு கூட்டம் போதும் என்று ரோட்டரியே தளர்த்திவிட்டது. எங்கள் சங்கம் இன்னும் வாரத்தை விடவில்லை. அதன் அருமை எனக்குப் புரிந்தது பழைய கண்ணாடிகளால்.

1925இல் லயன்ஸ் சங்கத்தாரிடம் பார்வையற்றோருக்காகப் பாடுபடச் சொல்லி, பார்வையும் செவித்திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு சேவைச் சங்கம் என்றாலே கண் முகாமும் கூடவே வரும். முகாமில் கொடுப்பதற்காக எங்களிடமும் பழைய கண்ணாடிகள் பெட்டி பெட்டியாகக் குவிந்தன. லென்ஸின் பவரை அளக்கும் லென்சோமீட்டரில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். பாதிக்குமேல் கீறல், அல்லது காதில் மாட்டும் கம்பி உடைசல். நன்றாக இருந்தவற்றிலும் பல சிலிண்டர் பவர், அதாவது ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் பார்வையைத் திருத்துகிற வகை. ஒருவருக்கென்று தேய்த்த லென்ஸின் பவரும் ஆக்சிஸ் என்கிற அந்தக் கோணமும் இன்னொருவர் கண்ணுக்கு அப்படியே பொருந்துவது லாட்டரி அடிப்பது மாதிரி. பொருந்தாததை மாட்டிவிட்டால் தலைவலிதான் மிச்சம். கூட்டத்தில் இதைச் சொன்னபோது பெட்டி திரட்டியவரின் முகம் வாடிவிட்டது. ஆனால் அடுத்த வாரமே அவரே எழுந்து, படிப்பதற்கு மட்டும் கஷ்டப்படுகிறவர்களுக்குப் புதிய கண்ணாடிகள் வாங்கலாம், ஒன்றிலிருந்து மூன்று பவர் வரை, என்று முன்மொழிந்தார். மாதம் ஒருமுறை கூடியிருந்தால் அந்தப் பெட்டிகள் அதற்குள் முகாமுக்கே போயிருக்கும்.

பணத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. சந்தா சங்கச் செலவுக்கு, வெளியில் திரட்டியது சேவைக்கு என்று பொருளாளர் இரண்டு கணக்காக வைத்து மாதாமாதம் வாசிக்கிறார்.

புகைப்பட மோகம்தான் தாங்கவில்லை. கண்புரை அறுவை நாளில் பேனருக்கு முன்னால் நிற்கப் பதினெட்டுப் பேர். அறுவை முடிந்தபின் வாரக்கணக்கில் சொட்டு மருந்து போட வேண்டும், கண் ஆறியபின் பவர் பார்த்துக் கண்ணாடி வாங்க வேண்டும். அந்த இரண்டாம் பயணத்துக்குத் துணை போக யாரும் பெயர் கொடுக்கவில்லை. மூன்று வாரம் விடாமல் கேட்டேன். கடைசியில், எப்போதும் பின்வரிசையில் தூங்குகிற ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் கையைத் தூக்கினார். இப்போது அவர் காரில்தான் எல்லோரும் போய் வருகிறார்கள். அவர் படம் எதிலும் இல்லை.

வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்க முடிந்தால் தாராளமாகச் சேருங்கள். சேருவதற்கு முன் இரண்டு கூட்டத்துக்காவது விருந்தினராகப் போய், போன முகாமில் பார்த்தவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த வாரம் அபராதம் எனக்கு. முகாம் பற்றி ஒரு நிமிடம் என்று எழுந்தவன், பேச்சாளரின் நேரத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டேனாம்.