350 மாணவர் இல்லாத கல்வி மாவட்டம்: தனித்திருப்பதா, இணைவதா?

அமெரிக்காவின் ஆர்கன்சாவில் 2004-இல் வந்த 60-ஆம் சட்டம் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. அங்கே கல்வி மாவட்டம் என்பது உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் 350 மாணவர்களுக்குக் குறைந்த கல்வி மாவட்டம் இன்னொன்றுடன் சேர்ந்தாக வேண்டும். 2015-இல்தான் விலக்குக் கேட்க வழி பிறந்தது.

செலவு: தனித்திருந்தால் மாவட்டத் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளரின் முழுச் சம்பளமும் சில நூறு பிள்ளைகளின் கணக்கில். இணைந்தால் அது மிச்சம். அதில் ஒரு பங்கை பஸ் டீசல் விழுங்கிவிடும்.

பாடம்: இணைந்தால் இயற்பியலுக்குத் தனி ஆசிரியர் கிடைக்கலாம்.

ஊர்: இணைப்பு முதலில் அலுவலகத்தைத்தான் தொடும். பள்ளிக்குப் பூட்டு பின்னால் வரும். கூடைப்பந்து அணியும் அதோடு போய்விடும். கணக்குப் பார்ப்பவர்கள் இதை எழுதுவதே இல்லை!

மலைப்பாதை நீண்ட ஓசார்க் மலைப்பகுதி ஊர், நிதி நெருக்கடியும் இல்லை என்றால், விலக்குக் கேட்கட்டும். பத்து நிமிடத்தில் அடுத்த பள்ளி என்றால் இணையலாம், பள்ளிக் கட்டடத்தை மூடமாட்டோம் என்ற உறுதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு.