கையை அறிந்தவரா, குழந்தையை அறிந்தவரா?

பிறவியிலேயே கை வேறுபட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை தர ஆள் வேண்டுமென்றால் இரண்டு வழி. பெரியவர்களின் கைகளில் தேர்ந்த கை தெரபிஸ்ட்டுக்குக் குழந்தைகளைப் பழக்கலாம். அல்லது குழந்தைகளோடு பழகிய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுக்கு, அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குபவருக்கு, கையைச் சொல்லித்தரலாம்.

முதல் வழியின் பலம் லேசானதல்ல. அமெரிக்காவில் சி.ஹெச்.டி. என்ற கை தெரபி சான்றிதழ்த் தேர்வு எழுத 3 ஆண்டு தொழில் அனுபவமும் 4,000 மணி நேர நேரடிக் கை சிகிச்சையும் வேண்டும். தசைநாண், நரம்பு, தழும்பு, கையைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அத்தனை மணி நேரமும் பெரியவர்களோடே கழிந்திருக்கலாம். அவர் பழகியதும் இழந்ததை மீட்கும் வேலை. கத்தி பட்டு நாண் அறுந்தவருக்கு, விரல் முன்பு எப்படி மடங்கியது என்று தெரியும். கட்டைவிரல் இல்லாமல் பிறந்த குழந்தைக்கு அந்த 'முன்பு' கிடையாது.

பாலிசிசேஷனை எடுத்துக்கொள்வோம். ஆள்காட்டி விரலை இடம்மாற்றிக் கட்டைவிரலாக்கும் அறுவைசிகிச்சை இது. பெரும்பாலும் சின்ன வயதிலேயே செய்வார்கள். இரண்டு வயதுப் பிள்ளையிடம் "பத்து முறை மடக்கு" என்றால் நடக்குமா? முதலில் பெரிய பந்து, அப்புறம் மரக்கட்டை, கடைசியில் ஒரு பொரி. விளையாட்டுதான் பயிற்சி. குழந்தைகள் பிரிவில் வேலை பார்த்தவருக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம்.

அவருக்குத் தெரியாததும் உண்டு. முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ரேடியஸ் எலும்பு வளராமல், மணிக்கட்டு கட்டைவிரல் பக்கம் வளைந்த கையைப் பிறந்த கொஞ்ச நாளிலிருந்தே நீவி நீட்டி, ஸ்பிளின்ட் போட வேண்டும். அவ்வளவு குட்டி முன்கைக்கு அதை வார்ப்பது தனிக் கைவேலை. அழுத்திச் சிவந்தாலும் குழந்தையால் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட கையோடு ஃபேன்கோனி ரத்தசோகை என்ற மரபணு நோயோ இதயக் குறைபாடோ சேர்ந்து வரலாம். அதற்கான பரிசோதனைகள் நடந்தனவா என்று கேட்கவும் தெரிய வேண்டும்.

ஆனாலும் நான் இரண்டாவது வழியின் பக்கம்தான். வார இறுதி ஆன்லைன் வகுப்பு போதாது, சரி. அறுவை மருத்துவரோடு சேர்ந்து நடத்தும் கிளினிக்கில் மாதக்கணக்கில் கூடவே இருந்தால் ஸ்பிளின்டும் நாண்களின் போக்கும் கைவந்துவிடும். எதைத் தொடாமல் விடலாம் என்று பார்க்கும் கண்ணுக்குத்தான் வருடங்கள் பிடிக்கும்; குழந்தைகளோடு பழகியவரிடம் அது ஏற்கெனவே இருக்கும். முழங்கைக்குக் கீழே கை நின்றுவிட்ட ஒரு சிறுமி, அந்த முழங்கை மடிப்பில் பாட்டிலை இடுக்கி, மறுகையால் மூடியைத் திறக்கிறாள். "பாருங்கள், அவளே வழி கண்டுபிடித்துவிட்டாள்" என்று அம்மாவிடம் காட்டுவதுதான் அன்றைக்கு அந்த தெரபிஸ்ட்டின் வேலை.