விழித்திரைக்கு அடியில் இரத்தம்: ஊசியா, வாயுவா, சத்திரசிகிச்சையா?

"சுவர்க் கடிகாரத்தில் எண்கள் எல்லாம் தெரிகின்றன, முள்ளைத்தான் காணவில்லை" என்றார் பெரியம்மா. நுவரெலியாவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் எங்களோடு தங்கியிருந்தார். கண்ணாடியை மாற்றினால் சரியாகும் என்று நினைத்து நான்கு நாட்களைக் கடத்திவிட்டோம். விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் முதுமையில் வரும் சிதைவால் விழித்திரைக்கு அடியில் முளைத்திருந்த நலிந்த இரத்தக்குழாய் உடைந்திருந்தது.

அந்த நான்கு நாட்கள் இன்றும் என்னை உறுத்துகின்றன. தேங்கிய இரத்தத்தின் இரும்பு, ஒளியை உணரும் செல்களுக்கு நஞ்சு. உறையும் இரத்தம் அந்தச் செல்களைப் பிய்த்திழுக்கிறது. கீழிருந்து வரும் ஊட்டத்தையும் மறிக்கிறது. விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் ஒரே நாளில் சேதம் தொடங்கியிருக்கிறது.

வைத்தியர் மூன்று வழிகளைச் சொன்னார்.

கண்ணுக்குள் ஊசி மட்டும் போடுவது எளிது. ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட், பெவாசிசுமாப் ஆகியவை புதுக் குழாய்களின் வளர்ச்சியை அடக்குகின்றன. பெவாசிசுமாப் குடல் புற்றுநோய்க்காக வந்த மருந்து. மற்ற இரண்டையும்விட விலை மிகக் குறைவு. மெல்லிய, சிறிய கசிவுக்கு ஊசியே போதுமானதாக இருக்கலாம். ஆனால் தடித்த இரத்தத்தை அது நகர்த்தாது. உடல் தானாக உறிஞ்சும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் செல்கள் மடிந்துவிடலாம்.

அடுத்தது வாயு. மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இரத்தக்கட்டியைக் கரைக்கும் டிபிஏ மருந்தை மிகச் சிறிய அளவில் கண்ணுக்குள் செலுத்தி, ஒரு வாயுக்குமிழியையும் விடுகிறார்கள். பிறகு குப்புறப் படுக்க வேண்டும். மேலெழும் குமிழி, இரத்தத்தை மாக்குலாவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளும். முழங்கால் வலியுள்ள எழுபது வயதுக்காரர் தலையணையில் நெற்றியைப் பதித்து நாட்கணக்கில் கிடப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அதன் சிரமம் புரியும்.

எங்களுக்கு யாரும் முதலில் சொல்லாத ஒன்று உண்டு: வாயு இருக்கும்வரை விமானம் ஏறக் கூடாது, மலையேறவும் கூடாது. நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறையக் குறையக் குமிழி விரிந்து, கண்ணின் அழுத்தம் ஆபத்தாக ஏறிவிடும். எஸ்எஃப்6 வாயு கரைய ஏறத்தாழ இரண்டு வாரம். சி3எஃப்8 என்றால் ஆறு முதல் எட்டு வாரம். மலையகத்திலிருந்து கொழும்புக்குச் சிகிச்சைக்கு வருபவர்கள் எந்த வாயு, எத்தனை வாரம் என்று முன்கூட்டியே கேட்டு, தங்குவதற்கும் இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, விட்ரெக்டமி சத்திரசிகிச்சை. கண்ணின் உள்ளிருக்கும் கூழை அகற்றிவிட்டு, நுண்ணிய ஊசியால் விழித்திரைக்கு அடியிலேயே டிபிஏயைச் செலுத்துவார்கள். இதிலும் வாயு உண்டு. விழித்திரை விலகுவது, வெண்புரை விரைவது ஆகிய அபாயங்களும் உண்டு. இரத்தக்கட்டியையே எடுத்துவிடும் பழைய முறை பார்வையை மேம்படுத்தவில்லை என்று 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

பிரான்சில் 90 நோயாளிகளிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, வாயு முறையையும் விட்ரெக்டமியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. மூன்று மாதத்தில் பார்வையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதனால் இரத்தம் இரண்டு வாரத்துக்குள் தேங்கியதாகவும் நோயாளி குப்புறப் படுக்கக்கூடியவராகவும் இருந்தால், வைத்தியரிடம் முதலில் வாயு முறையைப் பற்றிக் கேளுங்கள் என்பேன். மிகப் பெரிய கசிவென்றால் அவர் சத்திரசிகிச்சையைச் சொல்லக்கூடும். எதைத் தேர்ந்தாலும் அடக்கும் ஊசி தொடர வேண்டும். குழாய் மீண்டும் கசியக்கூடும்.

நாங்கள் வாயுவைத் தேர்ந்தோம். குமிழி கரைந்துவிட்டதை வைத்தியர் உறுதிசெய்த பிறகே பெரியம்மா நுவரெலியாவுக்கு ரயில் ஏறினார். கடிகார முள் இப்போது தெரிகிறது, நடுவில் சற்று வளைந்து. பத்திரிகை எழுத்து இன்னும் பிடிபடவில்லை.