ஸ்விட்ச் 2-ஆ, ஸ்டீம் டெக்கா? பெட்டி விலையை விட கேம் விலைதான் உறுத்துகிறது

கையிலும் டிவியிலும் ஆடக்கூடிய புது ஸ்விட்ச் 2 கேம் கருவியைப் பற்றி 2025 ஜனவரியில் நின்டெண்டோ விட்ட சின்ன வீடியோவில் பெரிதாக எதுவும் பிடிபடவில்லை. ஏப்ரல் 2, 2025 அன்று ஒரு மணி நேரம் விளக்கிய பிறகுதான் ஸ்விட்ச் 2 எப்படிப்பட்டது என்று தெரிந்தது. ஜூன் 5 அன்று வந்தது, அப்போது அமெரிக்காவில் 449.99 டாலர். இவ்வளவு கொடுப்பதென்றால் இன்னும் 100 டாலர் போட்டு, வால்வ் நிறுவனத்தின் கையடக்க கேம் கணினியான 512 ஜிபி ஸ்டீம் டெக் ஓஎல்இடியையே வாங்கலாமே என்றுதான் முதலில் தோன்றியது.

திரையைப் பார்ப்போம். ஸ்விட்ச் 2-இல் 7.9 அங்குலம், 1080பி தெளிவு, 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை படம் மாறும்). டெக்கில் 7.4 அங்குலம், 800பி, 90 ஹெர்ட்ஸ். எண்களில் ஸ்விட்ச்தான் மேலே, ஆனால் அது எல்சிடி, டெக்கில் இருப்பது கறுப்பும் நிறமும் இன்னும் அழுத்தமாகத் தெரியும் ஓஎல்இடி. 2021-லேயே பழைய ஸ்விட்சுக்கு ஓஎல்இடி கொடுத்துவிட்டு இப்போது திரும்ப எல்சிடிக்குப் போவது எனக்கு ரசிக்கவில்லை. டிவியில் மாட்டினால் கதை வேறு: டிவியோடு இணைக்கும் டாக் என்ற தாங்கி பெட்டியிலேயே வருகிறது, 4கே வரை போகும், என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் குறைந்த அளவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கிக் கொடுக்கும். டெக்குக்கு டாக் தனியாக வாங்க வேண்டும், டெக்கின் சிப்பும் 2022-இல் வந்த முதல் டெக்கின் வழியில் வந்ததுதான். பேட்டரி, நின்டெண்டோ கணக்கில் 2 முதல் 6.5 மணி நேரம். வால்வ் கணக்கில் 3 முதல் 12. எடையில் ஸ்விட்ச் 100 கிராம் போலக் குறைவு.

சரி, இதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். என்னை உறுத்துவது வாங்கிய பிறகு வரும் செலவு. மரியோ கார்ட் வேர்ல்ட் என்ற பந்தய கேம் ஒன்றே 79.99 டாலர்! பழைய ஸ்விட்சுக்கு ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய செல்டா கேமை மெருகேற்றிய வடிவில் ஆட இன்னொரு 9.99. இதெல்லாம் போகட்டும், கருவியை அறிமுகப்படுத்தும் வெல்கம் டூருக்கும் 9.99 கேட்கிறார்கள், சோனியோ பிஎஸ்5-உடன் ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் என்ற அறிமுக கேமைச் சும்மா கொடுத்தது. அப்புறம் சில கேம்களுக்கு வரும் இந்த கேம்-கீ கார்டு: கார்ட்ரிட்ஜ் வாங்கினாலும் உள்ளே கேம் இருக்காது, சாவிதான் இருக்கும், கேமை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பது 256 ஜிபி. இடம் போதவில்லையென்றால் வீட்டில் கிடக்கும் மைக்ரோ எஸ்டி கார்டைச் சொருகி கேம் வைக்க முடியாது, விலை கூடிய எக்ஸ்பிரஸ் வகைதான் வேண்டும். டெக்கில் சாதாரண கார்டே போதும், வால்வின் இணையக் கடையான ஸ்டீமில் கணினிக்கு வாங்கிய கேம்கள் அப்படியே வரும், தள்ளுபடி சமயத்தில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். நம் ஊருக்கு இரண்டுமே அதிகாரபூர்வமாக வரவில்லை, ஆனால் ஸ்டீமிலாவது ரூபாயில் விலை போட்டிருக்கிறார்கள்.

அதற்காக டெக்கைத் தலையில் தூக்கி வைக்கவும் முடியாது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸில் ஓடுவதால் ஃபோர்ட்நைட், வாலரண்ட் மாதிரி ஆட்டங்கள் அதில் ஓடாது, சில கேம்களுக்கு செட்டிங்ஸில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், பொறுமை இல்லாதவர்கள் ஒரே வாரத்தில் விற்றுவிடுவார்கள். ஸ்விட்சில் அந்தத் தொல்லை இல்லை. இரு பக்கமும் மாட்டியிருக்கும் ஜாய்கான் கைப்பிடிகளைக் கழற்றி ஆளுக்கொன்றாகக் கொடுத்தால் தம்பி தங்கையோடு உடனே சண்டையை ஆரம்பிக்கலாம். காந்தத்தில் ஒட்டும் புது ஜாய்கானைப் பக்கவாட்டில் மேசைமேல் வைத்து நகர்த்தினால் மவுஸ் ஆகிவிடுவதும் நல்ல யோசனைதான், சோபாவில் சாய்ந்தபடி எப்படி ஆடுவது என்பதுதான் புரியவில்லை.

தனியாக ஆடுபவர், ஸ்டீமில் ஏற்கெனவே நிறைய கேம் வைத்திருப்பவர் என்றால் டெக் ஓஎல்இடி வாங்குங்கள். வீட்டில் நான்கு பேர் சேர்ந்து ஆடுவீர்கள் என்றால் ஸ்விட்ச் 2. 2025-இல் மரியோ கார்ட் சேர்த்த தொகுப்பு 499.99 டாலருக்கு வந்தது. அது தனித்தனியாக வாங்குவதைவிட 30 டாலர் மிச்சம். பழைய ஸ்விட்ச் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறதா? உடனே கடைக்கு ஓட வேண்டாம், மரியோவைத் தாண்டி என்னென்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.