ரைன் கோட்டைப் படகுப் பயணம்: பணம் கட்டும் முன் எந்தத் துறையில் இறக்குவார்கள் என்று கேளுங்கள்

ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஒரே நாளில் ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. பேருந்து, கோட்டைகளைப் பார்த்தபடி படகுப் பயணம், ஒயின் ருசி, மதிய உணவு எல்லாம் ஒரே விலையில். இப்படி ஒரு விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டிய ஒரு குழு எப்படி ஏமாந்தது என்பதே இந்தப் பதிவு. விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். அவரை மட்டும் தவிர்த்தால் தப்பிவிடலாம் என்று நினைக்க இடமில்லை, இதே பயணத்தை இதே படங்களோடு வேறு பலரும் விற்கிறார்கள்.

விளம்பரப் படத்தில் இருந்தது, ஆற்றின் நடுவே கப்பல் போல நிற்கும் வெள்ளைச் சுங்கக் கோட்டை, ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன். அடுத்த படம் லோரெலைப் பாறை. பேருந்து போய் நின்றதோ ரூடெஸ்ஹைமில். அங்கே படகில் ஏற்றினார்கள். எலிக்கோபுரம் வந்தது, வலக்கரைச் சரிவில் இடிந்து நிற்கும் ஏரன்ஃபெல்ஸ் கோட்டை வந்தது, பிறகு இடக்கரையில் ரைன்ஸ்டைன் கோட்டை. அதோடு படகு திரும்பி, ஏறிய துறையிலேயே எல்லோரையும் இறக்கிவிட்டது.

எவ்வளவு பறிபோனது என்பதைக் கரையைப் பார்த்தே கணக்கிடலாம். ரைன் கரையில் கிலோமீட்டருக்கு ஒன்றாக வெள்ளைப் பலகையில் கறுப்பு எண் எழுதி வைத்திருக்கிறார்கள். கொன்ஸ்டான்ஸ் பாலத்திலிருந்து எண்ணி வரும் கணக்கு அது. ரூடெஸ்ஹைம் 526-ஐ ஒட்டி இருக்கிறது. அஸ்மன்ஸ்ஹவுசன் 532, பாஹராஹ் 543, வெள்ளைக் கோட்டை நிற்கும் காவுப் 546, லோரெலை 554, சாங்க்ட் கோவார் 556. படகு திரும்பியது 533 பக்கத்தில். படத்தில் காட்டிய கோட்டைக்கு இன்னும் 13 கிலோமீட்டர், லோரெலைக்கு 21. 2002-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பள்ளத்தாக்கு கோப்லென்ஸ் வரை 65 கிலோமீட்டர் நீளம். அதன் வாசற்படியில் நிறுத்திவிட்டு வீட்டைச் சுற்றிக் காட்டியதாகக் கணக்கு எழுதிவிட்டார்கள்.

டிக்கெட்டில் ‘ருண்ட்ஃபார்ட்’ என்ற சொல் இருந்தால், அது சுற்றிக்கொண்டு திரும்பும் படகு. நேரமில்லாதவர்களுக்கு அது மோசமில்லை, ஆனால் அதை லோரெலைப் படம் போட்டு விற்பது ஏமாற்று. உங்களுக்கு வேண்டியது துறை துறையாக நின்று போகும் வழித்தடப் படகு. ஆகவே முன்பதிவுக்கு முன் ஒரே கேள்வி: எந்தத் துறையில் ஏற்றி எந்தத் துறையில் இறக்குவீர்கள்? பதில் மின்னஞ்சலில் வர வேண்டும். இரண்டு ஊர்ப் பெயரும் ஒன்றாக இருந்தாலோ, ‘ரைன் படகுப் பயணம், சுமார் ஒன்றரை மணி நேரம்’ என்று மழுப்பினாலோ விட்டுவிடுங்கள்.

இதைத் தனியாகவே செய்யலாம், கடினமில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வட்டார ரயிலில் ரூடெஸ்ஹைம் அல்லது பிங்கன் போங்கள், அங்கிருந்து சாங்க்ட் கோவார் வரை படகு, திரும்புவதற்கு ரயில். இரண்டு கரையிலும் தண்டவாளம் ஓடுகிறது. படகில் போகும் திசைதான் முக்கியம். பிங்கனிலிருந்து நீரோட்டத்தோடு போனால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதே தூரம் எதிர்நீச்சலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும், ஏனென்றால் இந்தக் குறுகலில் ஆற்றின் வேகம் அப்படி. இதைச் சொல்லாமல் எதிர்த்திசை டிக்கெட்டைத் தலையில் கட்டி, மாலை ரயிலைத் தவறவிட்டவர்கள் உண்டு. படகுகள் முழு அளவில் ஓடுவது வசந்தம் முதல் அக்டோபர் வரை மட்டுமே.

ஊர்ப் பெயர்களிலும் சிக்கல் இருக்கிறது. சாங்க்ட் கோவார் இடக்கரை, சாங்க்ட் கோவார்ஸ்ஹவுசன் நேர் எதிரே வலக்கரை. ரயில் பாதையும் வேறு. மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே ஆற்றின் குறுக்கே ஒரு பாலம்கூடக் கிடையாது, அக்கரைக்குப் படகுத்தோணிதான். கடைசித் தோணியின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிங்கனிலும் இரண்டு நிலையங்கள்: படகுத் துறைக்கு அருகில் இருப்பது ‘ஸ்டாட்’ நிலையம், ‘ஹவுப்ட்பான்ஹோஃப்’ தள்ளி இருக்கிறது. வட்டார ரயில் டிக்கெட்டோடு விரைவு ரயிலில் ஏறிவிட்டால் அபராதம் 60 யூரோவிலிருந்து.

‘கோட்டைகளுக்குச் செல்வோம்’ என்ற வரியையும் அப்படியே நம்பாதீர்கள். காட்ஸ் கோட்டை தனியார் சொத்து, உள்ளே விட மாட்டார்கள். பாஹராஹின் ஷ்டாலெக் இப்போது இளைஞர் விடுதி, ஓபர்வேசலின் ஷோன்பர்க்கில் ஹோட்டல் நடக்கிறது. உள்ளே போய்ப் பார்க்கத்தான் ஆசை என்றால் இரண்டைச் சொல்வோம். இடிபாடாகவே பரந்து கிடக்கும் ரைன்ஃபெல்ஸ், சாங்க்ட் கோவாருக்கு மேலே. ஒருபோதும் அழிக்கப்படாத மார்க்ஸ்பர்க், ப்ரௌபாஹ் ஊருக்கு மேலே. மார்க்ஸ்பர்க்கில் வழிகாட்டியோடுதான் நுழைய முடியும், சுமார் 50 நிமிடம் ஆகும்.

இனி ஒயின். அந்தக் குழுவை ரூடெஸ்ஹைமில் ட்ரோஸல்காஸ என்ற 144 மீட்டர் சந்துக்கு அருகே ஒரு கடையில் உட்கார வைத்து, இனிப்பான மூன்று ஒயின்களை விரல் உயரம் ஊற்றிக் கொடுத்தார்கள். அடுத்த நிமிடமே ஆர்டர் தாளை நீட்டினார்கள். ருசி பார்க்க வந்தவர் வெட்கப்பட்டு வாங்குவார் என்பதுதான் அங்கே வியாபாரம். வாங்குவதாக இருந்தால் பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘கூட்ஸ்அப்ஃபூலுங்’ அல்லது ‘எர்ட்ஸாய்கர்அப்ஃபூலுங்’ என்றிருந்தால் திராட்சை வளர்த்தவரே அடைத்தது. வெறும் ‘அப்ஃபூலர்’ என்றிருந்தால் வேறு யாரோ வாங்கி அடைத்தது. ‘ட்ரோக்கன்’ என்றால் லிட்டருக்கு 9 கிராம் வரைதான் சர்க்கரை, ‘ஹால்ப்ட்ரோக்கன்’ பொதுவாக 18 வரை, ‘லீப்லிஷ்’ 45 வரை போகும். ஐஸ்வைன் என்று மலிவாக எதையாவது நீட்டினால் கையை எடுத்துவிடுங்கள். கொடியிலேயே திராட்சை உறைந்து, பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரி அல்லது அதற்கும் குளிரில் பறித்துப் பிழிந்தால்தான் அந்தப் பெயர். சாறு சொட்டுச் சொட்டாகத்தான் கிடைக்கும், அதனால்தான் பெரும்பாலும் அரை பாட்டிலில் வருகிறது, விலையும் ஏறுகிறது.

நல்ல ஒயினுக்கு ‘ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட்’ என்ற பலகையையோ வாசலில் தொங்கும் இலைக்கொத்தையோ தேடுங்கள். விவசாயி தன் ஒயினை மட்டும் தன் வீட்டிலேயே, ஆண்டுக்கு 4 மாதம் வரை, 40 இருக்கைக்கு மிகாமல் விற்கும் இடம் அது. இந்தப் பள்ளத்தாக்கில் எங்களுக்கு மிகவும் பிடித்தவை இவைதான். இந்தியாவுக்குள் தீர்வையில்லாமல் 2 லிட்டர்தான் கொண்டு வரலாம் என்பதால் ஆறு பாட்டில் பெட்டி வலையில் விழாதீர்கள். அட்டை இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் எப்போதும் யூரோவை அழுத்துங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதம் கடைக்காரரின் வங்கி வைத்ததாகிவிடும்.

பல நாள் கப்பல் பயணம் வாங்குபவர்கள் காவுப் ஊரின் அளவுகோல் காட்டும் நீர்மட்டத்தைப் பாருங்கள். 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் தரை அல்ல, கப்பல் வழியில் அதற்கு மேல் ஒரு மீட்டருக்கும் சற்றுக் கூடுதலாக ஆழம் இருக்கும். அப்படியிருந்தும் பெரிய கப்பல்களுக்கு அது போதாது. மட்டம் 6.40 மீட்டரை எட்டினாலோ போக்குவரத்தே நிறுத்தம். அந்த நாட்களில் கப்பலை விட்டுப் பேருந்தில் ஏற்றுவார்கள், ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தில் அதற்கு இடமும் வைத்திருப்பார்கள். எத்தனை நாள் பேருந்து என்றால் எவ்வளவு திரும்பத் தருவீர்கள் என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

ஜெர்மன் சட்டத்தில் தொகுப்புச் சுற்றுலாவுக்குப் பாதுகாப்பு பலமானது. ஆனால் 24 மணி நேரத்துக்குக் குறைந்து, இரவுத் தங்கல் இல்லாமல், 500 யூரோவுக்கு மிகாத ஒருநாள் பயணம் அதற்குள் வராது. அந்தக் குழு மாட்டிக்கொண்டது இந்த இடைவெளியில்தான். பல நாள் பயணமென்றால் குறையை அப்போதே, அங்கேயே எழுத்தில் சொல்ல வேண்டும், ஊர் திரும்பிய பிறகு சொன்னால் உரிமை நழுவும். இந்திய முகவரிடம் வாங்கியிருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். அதற்கு வேண்டியவை: விளம்பரப் பக்கத்தின் திரைப்பிடிப்பு, டிக்கெட், முகவரின் மின்னஞ்சல், படகு திரும்பும் இடத்தில் கரைப் பலகையின் எண் தெரியும்படி எடுத்த ஒரு படம்.